அடுப்பு தாழ, தொட்டி உயர

மே 3, 2024, வெள்ளி

நேற்று ராத்திரி ரசத்துக்குப் பிழிந்த எலுமிச்சை மூடியை மேடைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே படுத்துவிட்டேன். காலையில் எடுத்தால், கல்லில் பழைய ஒரு ரூபாய் அளவுக்கு வெளுத்த வட்டம். துடைத்தேன், நார் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. போகாது என்று எனக்கே தெரியும். கடப்பா கல் என்பது சுண்ணாம்புக்கல். அமிலம் பட்டால் விழுவது கறையே இல்லை, அந்த இடத்தில் கல்லே கரைந்துபோயிருக்கிறது. ஆண்டுதோறும் பள்ளியில் நடத்துகிற பாடம்தான். 1996-ல் இந்த வீடு கட்டியதிலிருந்து இருபத்தெட்டு வருஷமாக வீட்டிலும் அதே பாடம் புளியாலும் தயிராலும் நடந்துகொண்டிருக்கிறது.

வட்டம் ஒரு சாக்குதான். சிங்க் ஓரம் கல் ஏடு ஏடாகப் பெயர்ந்து வருகிறது. அடுப்புக்குக் கீழே ஒரு விரிசல், அதில் எறும்புக் குடும்பம் ஒன்று மூன்று தலைமுறையாக இருக்கிறது. "லீவுலயே கிரானைட் போட்டு முடிச்சிடலாம்" என்றார் இவர்.

அத்தை ஹாலில் இருந்தபடியே குரல் கொடுத்தார். "நாளைக்குக் கத்திரி ஆரம்பம். அக்னி நட்சத்திரத்துல வீட்டு வேலை தொடக்கூடாது."

கத்திரி முடிய மே 28 ஆகும். ஜூன் பிறந்தால் எனக்குப் பள்ளிக்கூடம். நான் பதில் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போது அவரே சொன்னார்: "புதுசா கட்டறதுதான் கூடாது. இது பழசை மாத்தறதுதானே."

மே 5, ஞாயிறு

பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் போகும் 200 அடி சாலையில் ஒரு கிரானைட் யார்டு. தகரக் கொட்டகைக்குள் பலகைகள் அலமாரிப் புத்தகம்போலச் சாய்ந்து நிற்கின்றன. பையன் ஒருவன் ஈரத்துணியால் தூசியைத் துடைத்துத் துடைத்துக் காட்டினான். துடைத்ததும் ஒவ்வொன்றும் ஒரு முகம். கறுப்பில் பொன்துகள் தெறித்த கேலக்ஸி, ஆந்திராவில் ஓங்கோல் பக்கத்துச் சீமகுர்த்தியில் எடுப்பது. வெள்ளையில் கறுப்புப் பொட்டு வைத்த காஷ்மீர் ஒயிட்டுக்குப் பெயர்தான் காஷ்மீர், ஊர் மதுரைப் பக்கம். இவர் அந்த வெள்ளையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "மேலூர் மலையெல்லாம் இப்படித்தான் சீட்டுச் சீட்டா போச்சு" என்றார். 2012-ல் மதுரை கலெக்டராக இருந்த சகாயம் கிரானைட் கொள்ளை பற்றி அனுப்பிய அறிக்கையை அந்தக் காலத்துப் பேப்பரில் வரி விடாமல் படித்தவர் இவர். வெள்ளையில் மஞ்சள் கறை ஏறும் என்பது என் கவலை. இரண்டு காரணமும் சேர்ந்து வெள்ளை கழிந்தது.

கைப்பையில் அரை எலுமிச்சையும் நெயில் பாலிஷ் ரிமூவரும் கொண்டுபோயிருந்தேன். மலிவாகச் சொன்ன ஒரு கறுப்புக் கல்லில் ரிமூவர் தொட்ட பஞ்சைத் தேய்த்தேன். பஞ்சு கறுத்தது. சாயம் ஏற்றிய கல். பையன் வேறு பக்கம் பார்த்தான். அவனைக் குற்றம் சொல்லி என்ன?

அடுத்து செயற்கை குவார்ட்ஸ் பலகையைப் பற்றி ஒருவர் அரைமணி நேரம் பேசினார். கறையே பிடிக்காதாம். கல்பொடியைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்வது அது. அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சிலிக்கா இருக்கும். அதை அறுப்பவர்களின் நுரையீரல் கெடுகிறது என்று ஆஸ்திரேலியாவில் வருகிற ஜூலை 1 முதல் தடையே போட்டிருக்கிறார்கள், உலகத்திலேயே முதல் நாடாக. அவரிடம் சொன்னேன். "நம்ம ஊர்ல அதெல்லாம் இல்ல மேடம்" என்றார் பெருமையாக.

கடைசியில் ஸ்டீல் கிரே, அதுவும் ஓங்கோல் பக்கத்துக் கல். சதுர அடி 165 ரூபாய், கனம் 18 மில்லிமீட்டர். எலுமிச்சையைத் தேய்த்துப் பத்து நிமிஷம் விட்டேன், அசையவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், உறிஞ்சாமல் முத்தாக நின்றது.

திரும்பும்போது பல்லாவரம் மலை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கல் இந்தப் பக்கத்திலிருந்து போனதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அதை ஆராய்ந்து, கல்லறைக்காரர் பெயரையே வைத்து 'சார்னோக்கைட்' என்றார். நம் ஊர்க் கல்லுக்கு உலகம் முழுக்க அந்தப் பெயர்தான். அந்த மலையைச் சுற்றிக்கொண்டுதான் ஓங்கோல் கல்லை வாங்கி வருகிறோம்.

மே 7, செவ்வாய்

மேஸ்திரி வந்தார். டேப்பை விரித்தார். ஜன்னல் பக்கம் 9 அடி, அதில் அடுப்பு. திரும்புகிற பக்கம் 4 அடி, அதில் சிங்க். நோட்டில் குறித்துக்கொண்டு கேட்டார்: "உயரம் என்ன வைக்கட்டும்? வீட்ல யாரு சமைக்கிறது?"

நான்கு நாளாக நிறம், விலை, பளபளப்பு என்று பேசியிருக்கிறோம். உயரம் என்ற சொல்லே எங்கள் வாயில் வரவில்லை. ஓடுபாதை பக்கத்தில் இருப்பதால் இந்த ஊரில் மாடி எவ்வளவு உயரம் போகலாம் என்று விமான நிலையம் சொல்லிவிடும். மேடை எவ்வளவு உயரம் வேண்டும் என்று சொல்ல யாருமில்லை.

பழைய மேடை 2 அடி 5 அங்குலம். அத்தைக்கு அளவெடுத்துக் கட்டியது. அவர் நாலே முக்கால் அடிக்கும் குறைவு. நான் 5 அடி 5 அங்குலம். காய் நறுக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் குனிந்தே நிற்கிறேன். இடுப்பு வலிக்குத் தைலம் வாங்கினேன், பெல்ட் வாங்கினேன், ஸ்கேன்கூட எடுத்தேன். மேடையை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

"முழங்கையிலேர்ந்து நாலஞ்சு அங்குலம் கீழ இருக்கணும் டீச்சர்" என்று மேஸ்திரி என்னை நிற்கவைத்து அளந்தார். மூன்று அடிக்கு ஒரு அங்குலம் குறைவு வந்தது. எனக்குச் சந்தோஷம்.

அத்தை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. உள்ளே வந்து, மேஸ்திரி சுவரில் பென்சிலால் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கோடு அவர் முழங்கைக்கு வந்தது. அதன்மேல் அடுப்பு, அடுப்பின்மேல் பால் பாத்திரம். பொங்குகிறதா இல்லையா என்று எட்டிப் பார்க்கக்கூட அவருக்கு எட்டாது. விடியற்காலை ஐந்து மணிக் காபி இந்த வீட்டில் அவருடையது. எழுபத்தொன்பது வயதில் அவர் கையில் மிச்சமிருக்கிற ராஜ்யம் அது ஒன்றுதான்.

எல்லோரும் பேசாமல் இருந்தோம். மணல் அளவு பார்க்க வந்திருந்த சித்தாள் அம்மா, கவுல் பஜார்க்காரர், மூலையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "அடுப்பு தாழ இருக்கட்டும், தொட்டி ஒசர இருக்கட்டும். அடுப்பு மேல பானை ஏறுது, தொட்டிக்குள்ள பானை இறங்குது. ரெண்டுக்கும் ஒரே ஒசரம் வச்சவன் எவன்?"

மேஸ்திரி டேப்பை மடக்கினார். "கரெக்ட்டுதான்" என்றார் மெதுவாக.

அடுப்புப் பக்கம் இரண்டரை அடி. சிங்க் பக்கம் 2 அடி 11 அங்குலம். மூலையில் 5 அங்குலத்துக்கு ஒரு படி. அத்தை பென்சில் கோட்டை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனார்.

மே 8, புதன்

இன்று இடித்தார்கள். சமையலறையைக் காலி செய்வது என்றால் என்ன என்று செய்தால்தான் தெரியும். எட்டு டப்பா வெந்தயம் கிடைத்தது. எல்லாம் பாதி பாதி.

கடப்பா கல் இவ்வளவு லேசில் வரும் என்று நினைக்கவில்லை. சுவரோரம் உளி வைத்து நெம்பியதும் நீளப் பலகை முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்தது. அடியில் 1996-ன் சிமெண்ட், அதில் அன்றைய கொத்தனாரின் கைவிரல் தடம். சிங்க் பக்கத்துப் பலகைதான் இரண்டாக உடைந்தது.

அடியில் இருந்த சுவரில் ஒரு மங்கலான சேற்றுக் கோடு. 2015 டிசம்பர். அடையாறு ஊருக்குள் வந்தபோது சமையலறைக்குள் தண்ணீர் நின்ற மட்டம். மேடைக்கு நான்கு விரற்கடை கீழே. அரிசி மூட்டை, அடுப்பு, சாமி படம், சிலிண்டர், அத்தையின் மருந்துப் பை எல்லாம் இந்தக் கடப்பா கல்லின்மேல்தான் இரண்டு நாள் கிடந்தன. கீழே இருந்த மரக்கதவுகள் ஊறி உப்பிப்போய், பிறகு கதவே வைக்கவில்லை.

மேஸ்திரியின் ஆட்கள் ரப்பிஷ் அள்ள மீன்பாடி வண்டி கொண்டுவந்தார்கள். பலகையை ஏற்றப் போனபோது அத்தை கையை நீட்டித் தடுத்தார். "இது முங்காம நின்ன கல்லு. இத எங்க கொண்டு போறீங்க?"

வெளியே அடுப்பு, மொட்டைமாடிப் படிக்குக் கீழே. இரவுக்கு உப்புமா. வெந்தயம் தாராளம்.

மே 10, வெள்ளி

காலை ஒன்பதரைக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட். அதே நேரத்துக்குக் குட்டி யானையில் கல் வந்து இறங்கியது. ஒரு காதில் ஃபோன், ஒரு காதில் "பாத்து, பாத்து, சாய்க்காத." என் வகுப்பில் மூன்று பேர் அறிவியலில் போய்விட்டார்கள். ஒருத்தி அழுதாள், துணைத்தேர்வு இருக்கிறது என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைக்குமேல் விமானம். அவள் அழுததும் கேட்கவில்லை, நான் சொன்னதும் கேட்டிருக்காது. திரும்பக் கூப்பிட்டேன்.

அட்சய திருதியையும் இன்றுதான். ஊரே தங்கம் வாங்குகிறது, நாம் கல் வாங்கியிருக்கிறோம் என்றேன். "அதுவும் கல்லுதான், இதுவும் கல்லுதான், இது சேதாரம் இல்லாம வந்தா சரி" என்றார் இவர். வாய் முகூர்த்தம்.

கிரானைட்டைப் படுக்கவைத்துத் தூக்கக் கூடாது. பக்கவாட்டில் நிமிர்த்தித்தான் நான்கு பேர் தூக்கினார்கள். சதுர அடிக்கு நாலரை கிலோ வரும். அடுப்புப் பலகை மட்டும் எண்பது கிலோ. படுக்கவைத்தால் தன் கனத்திலேயே நடுவில் முறியும். நிமிர்ந்திருந்தால் தாங்கும். இதை நேற்றுவரை கல்லின் குணம் என்று மட்டும்தான் நினைத்திருப்பேன்.

மே 11, சனி

அகஸ்தீஸ்வரர் கோயிலுக்குச் சனிக்கிழமைக் கூட்டம். வடதிருநள்ளாறு என்று பெயர், எள் தீபம் போட எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். எங்கள் தெருமுனைவரை பைக். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் எங்கள் வாசலில் கட்டிங் மெஷின்.

அறுக்கிற பையன் திண்டிவனம் பக்கம். முகத்தில் கைக்குட்டை, அதற்குமேல் கண் மட்டும். பிளேடு கல்லைத் தொட்டதும் வெள்ளைப் புகை. ஐந்து நிமிஷத்தில் அவன் புருவமும் இமையும் நரைத்துவிட்டன. அது புகையில்லை. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கில் தங்கும், தெரியாத தூசிதான் நுரையீரலின் அடிக்குப் போய் உட்காரும். கல்குவாரிக்காரர்களுக்கு வரும் சிலிகோசிஸ் அப்படித்தான் வருகிறது. ஒருமுறை தழும்பு விழுந்த நுரையீரல் திரும்பாது. ஆஸ்திரேலியாவைப் பற்றி யார்டில் பெரிதாகப் பேசிவிட்டு வந்த எனக்கு, என் வாசலில் நடக்கிறபோதுதான் உறைத்தது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, குவார்ட்ஸ் பலகையைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

"தண்ணி ஊத்தி அறுப்பா" என்றேன். "ஈரமானா மார்க் அழிஞ்சிடும் மேடம், கரண்ட் வேற" என்றான். மார்க்கை மெழுகு க்ரேயானால் போடலாம். பள்ளிப் பையில் இருந்தது, கொடுத்தேன். பிளக்கை வீட்டுக்குள் கசிவு பிரேக்கர் இருக்கிற பாயிண்ட்டுக்கு மாற்றினார் இவர். சித்தாள் அம்மா சொம்பிலிருந்து பிளேடு ஓரத்தில் நூல் பிடித்ததுபோல் ஊற்றினார். புகை நின்றது. சாம்பல் நிறக் குழம்பு தெருவில் ஓடியது. கோயிலுக்குப் போனவர்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார்கள்.

பிறகுதான் அந்தச் சத்தம். டப் என்று, தேங்காய் உடைகிற மாதிரி.

சிங்க்குக்குத் துளை போட்ட பலகையின் முன்பக்கப் பட்டையில், மூலையிலிருந்து ஓரம்வரை விரிசல் ஓடிவிட்டது. பெரிய சிங்க் வேண்டும் என்று அடம்பிடித்தது நான். முன்னால் மிஞ்சியது இரண்டரை அங்குலம்தான். பையன் நான்கு மூலையையும் செங்குத்தாக, கூராக வெட்டியிருந்தான். கூரான மூலையில்தான் அழுத்தம் குவியும். காமெட் விமானங்கள் 1954-ல் வானத்திலேயே பிளந்ததற்கு இதுதான் காரணம். உடலில் வெட்டிய திறப்புகளின் மூலையிலிருந்துதான் விரிசல் ஓடியது. அதற்குப் பிறகு விமான ஜன்னல் என்றாலே மூலை உருண்டை. வகுப்பில் பலகையில் வரைந்து காட்டி, தலைக்குமேல் போகும் விமானத்தையும் சுட்டிக்காட்டி, வருஷா வருஷம் சொல்கிறேன். இன்று அவன் மூலையை வெட்டும்போது பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் ஊற்றச் சொன்ன பெருமையில் இருந்தேன்.

பையன் என்னைப் பார்க்கவில்லை. கூலியில் பிடிப்பார்களா என்று மேஸ்திரியைப் பார்த்தான். "சிங்க் அளவு நான் சொன்னது. கல்லுக்கு நான்தான் தரணும்" என்றேன்.

மே 13, திங்கள்

நேற்று எல்லோருக்கும் லீவு. இவர் யார்டுக்குப் போய் மிச்சத் துண்டுகளில் தேடி, அதே ஸ்டீல் கிரேயில் நான்கரை அடி கொண்டுவந்தார். லாட் வேறு. ஒரு சாயல் கறுப்பு கூட. சிங்க்கை ஒரு சைஸ் குறைத்தேன்.

பையன் இந்தமுறை நான்கு மூலையிலும் முதலில் வட்டத் துளை போட்டான். அப்புறம் துளையிலிருந்து துளைக்குக் கோடு இழுத்தான். நான் கேட்காமலே தண்ணீரும் வைத்துக்கொண்டான்.

மத்தியானம் உட்கார்த்தினார்கள். கலவை பரப்பி, பலகையை இறக்கி, ரசமட்டம் வைத்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டி. தட்டுகிற சத்தத்திலேயே மேஸ்திரிக்குத் தெரிகிறது. 'டொக்' என்றால் அடியில் கலவை நிறைந்திருக்கிறது, 'டங்' என்றால் பொள்ளல். சிங்க் பக்கம் மட்டும் ரசமட்டத்தின் குமிழியை ஒரு மயிரிழை தள்ளி வைத்தார், தண்ணீர் தேங்காமல் தொட்டிக்குள் ஓட. முன் விளிம்பை அரைவட்டமாக உருட்டி பாலிஷ் போட்டார்கள், 13 அடி.

நிறம் வேறாக இருக்குமே என்று பயந்தேன். உயரமே வேறு என்பதால், வேண்டுமென்று செய்தது மாதிரி இருக்கிறது. அத்தை மட்டும் கண்டுபிடித்துவிட்டார்.

மே 16, வியாழன்

மூன்று நாள் காயவிட்டு இன்று அடுப்பு ஏற்றினோம். காலை ஐந்து மணிக்கு அத்தை பால் வைத்தார். நான் எழுந்து வருவதற்குள் பொங்கி, கல்லில் வழிந்து, துடைத்தும் ஆகிவிட்டது. "வழுக்குது" என்றார், அவ்வளவுதான் விமர்சனம்.

கீழே, சிமெண்ட் தாங்கிகளின்மேல், முழுசாக வந்த கடப்பா பலகை குறுக்குத் தட்டாக உட்கார்ந்திருக்கிறது. மேஸ்திரியிடம் அத்தை எப்போது சொன்னார் என்று தெரியவில்லை. எலுமிச்சை வட்டம் வெளிப்பக்கமாகத் தெரிகிறது. பலகையின்மேல் அரிசி டிரம்.

கணக்கு: கல், துண்டுக் கல், மோல்டிங், சிங்க், கூலி, ரப்பிஷ், க்ரேயான். க்ரேயான் தவிர மற்றதெல்லாம் நினைத்ததைவிட அதிகம்.

மே 30, வியாழன்

பள்ளி திறக்கப் போகிறது. பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்தபோது தேதியைப் பார்த்தேன். மே 30. 1863-ல் இதே நாளில் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் சரளை மண்ணிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். குவார்ட்சைட்டில் இரண்டு பக்கமும் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் பழங்கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. இங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரம்.

சிங்க் பக்கம் நின்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே அத்தையிடம் அந்தக் கதையைச் சொன்னேன். பாதியில்தான் கவனித்தேன், நிமிர்ந்து நிற்கிறேன். தைலப் பாட்டிலைப் பார்த்தே பத்து நாள் இருக்கும்.

"கைல பிடிக்கிற மாதிரி செதுக்கியிருக்காங்களா?" என்றார் அத்தை, அடுப்புப் பக்கத்திலிருந்து. என் தலைக்கு ஒரு சாண் கீழே அவர் தலை.

"ஆமா அத்தை. உள்ளங்கைல சரியா உக்காரும்."

"யாரு கைக்கு? ஆம்பள கைக்கா, பொம்பள கைக்கா?"

இருபது வருஷம் அறிவியல் நடத்துகிறேன், இந்தக் கேள்வியை எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. பதில் தேடுவதற்குள் அவர் பாலை இறக்கிவிட்டார்.